சுமைச் சோதனைக்கு எந்தக் கருவி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வெப் அப்ளிகேஷன் விரைவில் வெளியாகிறது. லோடு டெஸ்ட் (பலர் ஒரே நேரத்தில் வருவதுபோல் செயற்கையாகச் சுமை கொடுத்துப் பார்ப்பது) செய்ய ஜேமீட்டர், கே6, லோக்கஸ்ட், கேட்லிங் என நான்கு ஓப்பன் சோர்ஸ் கருவிகளைச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

கருவியைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதுங்கள். உங்கள் அப்ளிகேஷன் எந்த புரோட்டோகாலில், அதாவது எந்தத் தகவல் பரிமாற்ற முறையில், பேசுகிறது? ஸ்கிரிப்ட்டை எழுதி, ஒவ்வொரு ரிலீஸிலும் திருத்தப்போகிறவர் யார், அவருக்கு எந்த மொழி கைவந்தது? உச்ச நேரத்தில் ஒரு வினாடிக்கு எத்தனை கோரிக்கைகள் வரும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பட்டியல் தானாகவே ஒன்றோ இரண்டோ ஆகிவிடும்.

எச்டிடிபி தவிர டேட்டாபேஸை நேரடியாக ஜேடிபிசி வழியே அடிக்க வேண்டும், ஜேஎம்எஸ் க்யூ (செய்தி வரிசை), எல்டேப் (பயனர் விவர அடைவு), எஃப்டிபி, மெயில் சர்வர் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் சோதிக்க வேண்டும் என்றால் ஜேமீட்டர்தான். 1998-இல் தொடங்கிய திட்டம் அது. இவற்றுக்கெல்லாம் கோரிக்கை அனுப்பும் சாம்ப்ளர்கள் அதில் உள்ளேயே இருக்கின்றன. கோடு எழுதாத டெஸ்டர்கள் உள்ள குழுவுக்கும் அதுவே வசதி. ஆனால் திட்டம் எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கப்படுவதால், இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தினால் கிட்டில் மெர்ஜ் செய்வது பெரும்பாடு.

டெவலப்பர்களே டெஸ்ட் எழுதுகிறார்கள், அது பைப்லைனில் (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்ட், டெஸ்ட் ஓடும் வரிசையில்) ஓட வேண்டும் என்றால் கே6. ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்ட்டில், எஞ்சின் கோ மொழியில். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: அது ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட் அல்ல. நோட்டின் கோப்பு, நெட்வொர்க் வசதிகளை நம்பியிருக்கும் என்பிஎம் பேக்கேஜ்கள் அதில் ஓடாது. குழு பைத்தான் பக்கம் என்றால், அல்லது உங்கள் புரோட்டோகாலுக்கு ஏற்கெனவே ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கிறது என்றால், லோக்கஸ்ட். ஜாவா, கோட்லின், ஸ்காலா குழுவுக்கு கேட்லிங் பொருந்தும். அது தரும் எச்டிஎம்எல் ரிப்போர்ட் எதையும் சேர்க்காமலேயே படிக்கும்படி இருக்கும். பல மெஷின்களில் பிரித்து ஓட்டும் வசதி கேட்லிங்கின் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. இலவசப் பதிப்பில் ஒரு மெஷினோடு முடிந்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

முடிவெடுக்குமுன் உங்கள் அப்ளிகேஷனின் மிகச் சிக்கலான ஒரு ஃப்ளோவை, உதாரணமாக லாகின் செய்து ஒரு பொருளை ஆர்டர் செய்வதை, இரண்டு கருவிகளில் எழுதிப் பாருங்கள். முகப்புப் பக்கத்தை அடிக்கும் பத்து வரி ஸ்கிரிப்ட் எல்லாக் கருவியிலும் அழகாகத்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் தெரியாது.

கேள்வி: "18,000 யூசர் தாங்க வேண்டும்" என்று மேலாளர் சொல்கிறார். ஜேமீட்டரில் 18,000 த்ரெட் வைத்தால் லேப்டாப்பே நின்றுவிடுகிறது. எத்தனை மெஷின் வாங்க வேண்டும்?

ஜேமீட்டரில் ஒரு த்ரெட் என்பது ஒரு மெய்நிகர் யூசர். மெஷின் வாங்குமுன் அந்த 18,000 எதன் எண்ணிக்கை என்று கேளுங்கள். பதிவு செய்தவர்களா, ஒரு நாளில் வருபவர்களா, ஒரு மணி நேரத்துப் பக்கங்களா? சர்வரின் ஆக்சஸ் லாக்கை எடுத்து உச்ச மணி நேரத்தை எண்ணினால் பெரும்பாலும் உண்மை வேறாக இருக்கும்.

உச்ச மணி நேரத்தில் 18,000 பக்கங்கள் திறக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 5 பக்கம். ஒரு பக்கம் வர 1 வினாடி, அதைப் படித்துவிட்டு அடுத்ததைத் தட்ட 25 வினாடி என்றால், ஒருவர் ஒரு பக்கத்துக்கு எடுத்துக்கொள்வது 26 வினாடி. ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் 5 × 26 = 130 பேர். லிட்டில் விதி என்று வரிசைக் கோட்பாட்டில் சொல்வது இதைத்தான். 18,000 த்ரெட் தேவைப்படவே இல்லை, 130 போதும்.

இதன் மறுபக்கம்தான் அதிகம் ஏமாற்றுவது. அதே 130 த்ரெட்டை யோசிக்கும் நேரம் இல்லாமல் ஓடவிட்டால், சர்வர் 1 வினாடியில் பதில் தரும் வரை வினாடிக்கு 130 பக்கம் பாயும். அதாவது நிஜ உச்சத்தைப் போல 26 மடங்கு. சர்வர் விழும், எல்லோரும் பதறுவார்கள், தேவையில்லாத ஹார்டுவேர் வாங்கப்படும். ஒவ்வொரு படிக்கும் நடுவே டைமர் வையுங்கள். எல்லோருக்கும் சரியாக 25 வினாடி என்று வைக்காமல் 15 முதல் 35 வரை ரேண்டமாக வைத்தால் கோரிக்கைகள் கும்பலாகச் சேர்ந்து அடிப்பது குறையும்.

ஜேமீட்டரின் கான்ஸ்டன்ட் த்ரூபுட் டைமரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் கொடுக்கும் எண் நிமிடத்துக்கானது, வினாடிக்கானது அல்ல. வினாடிக்கு 5 வேண்டுமென்றால் 300 என்று போட வேண்டும். அந்த டைமரால் த்ரெட்டைத் தாமதப்படுத்த மட்டுமே முடியும். த்ரெட் பற்றாக்குறை இருந்தால் கேட்ட வேகம் வராது, அதைப் பற்றி அது எதுவும் சொல்லவும் சொல்லாது.

கேள்வி: 500 த்ரெட்டிலேயே ஜேமீட்டர் "அவுட் ஆஃப் மெமரி" என்று நின்றுவிடுகிறது. கருவியை மாற்றிவிடலாமா?

மாற்றுமுன் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஜேமீட்டரின் ஜன்னல் திட்டத்தை உருவாக்கவும், ஓரிரு த்ரெட் வைத்துச் சரிபார்க்கவும் மட்டும்தான். நிஜ ஓட்டம் கமாண்ட் லைனில் நடக்க வேண்டும்: ஜன்னலை அணைக்கும் 'என்' சுவிட்ச், திட்டக் கோப்புக்கு 'டி', முடிவுக் கோப்புக்கு 'எல்'. கூடவே 'ஈ', 'ஓ' சேர்த்தால் ஓட்டம் முடிந்ததும் எச்டிஎம்எல் ரிப்போர்ட்டும் வந்துவிடும்.

அடுத்தது முடிவுகளைச் சேகரித்துக் காட்டும் லிசனர்கள். வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ பதில்களின் முழு உடலையும் மெமரியில் வைத்துக்கொள்ளும், 3.2 பதிப்பு முதல் வழக்கமாக 500 பதில் என்ற வரம்போடு. அந்த வரம்பை நீக்கியிருந்தால், பதில் 100 கிலோபைட் என்றால் பத்தாயிரம் பதில்களுக்கே ஒரு ஜிகாபைட் ஆகிவிடும். ஜேமீட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் ஹீப்பும் (ஜாவாவுக்கு ஒதுக்கும் மெமரி) 1 ஜிகாபைட்தான். எனவே எல்லா லிசனரையும் டிசேபிள் செய்யுங்கள். அதன்பிறகும் போதவில்லை என்றால் மட்டும் ஹீப் மாறியை 4 ஜிகாபைட்டாக ஏற்றுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதும் இடங்களில் பீன்ஷெல் இருந்தால் எடுத்துவிட்டு ஜேஎஸ்ஆர்223-இல் க்ரூவிக்கு மாற்றுங்கள். அந்த க்ரூவி கோடுக்குள் ஜேமீட்டர் மாறிகளை டாலர் குறியும் வளைவு அடைப்பும் போட்டு நேரடியாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் மதிப்பு மாறும்போதெல்லாம் கோடு புதிதாக கம்பைல் ஆகும், சிபியு அதிலேயே தீர்ந்துவிடும். மாறியை கோடுக்குள்ளேயே 'வார்ஸ்' வழியாக எடுங்கள்.

கேள்வி: ரெக்கார்ட் செய்த ஸ்கிரிப்ட் பிரமாதமாக ஓடியது. எர்ரர் பூஜ்யம், எல்லாம் 200 (வெற்றி என்பதற்கான எச்டிடிபி ஸ்டேட்டஸ் கோடு). ஆனால் டேட்டாபேஸில் ஒரு ஆர்டர்கூட இல்லை. என்ன நடந்தது?

உங்கள் டெஸ்ட் முழுக்க முழுக்க லாகின் பக்கத்தைத்தான் அடித்திருக்கிறது. ரெக்கார்டர் பதிவு செய்தபோது இருந்த செஷன் ஐடியும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (போலிக் கோரிக்கைகளைத் தடுக்க சர்வர் தரும் ரகசிய மதிப்பு) ஸ்கிரிப்ட்டில் அப்படியே உறைந்து கிடக்கின்றன. மறுநாள் ஓட்டும்போது அவை செல்லாது. சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும், கருவி அந்தத் திருப்பலைப் பின்தொடரும், லாகின் பக்கம் 200 என்று வரும், கருவி அதை வெற்றி என்று எழுதிக்கொள்ளும்.

சரிசெய்யும் வழி: குக்கீ மேனேஜரைச் சேருங்கள். அது இல்லையென்றால் ஜேமீட்டர் ஒவ்வொரு கோரிக்கையையும் புது ஆளாக அனுப்பும். டோக்கன் எந்தப் பதிலில் முதலில் வருகிறது என்று கண்டுபிடித்து, அங்கே பதிலிலிருந்து மதிப்பை எடுத்து மாறியில் வைக்கும் ஒரு எக்ஸ்ட்ராக்டர் வைத்துப் பிடியுங்கள். எச்டிஎம்எல்லில் மறைந்த இன்புட்டாக வந்தால் சிஎஸ்எஸ் எக்ஸ்ட்ராக்டர், ஜேசனில் வந்தால் ஜேசன் எக்ஸ்ட்ராக்டர். அதற்கு 'கிடைக்கவில்லை' என்பதுபோல் ஒரு டீஃபால்ட் மதிப்பு கொடுத்துவைத்தால், டோக்கன் பிடிபடாத இடம் அடுத்த கோரிக்கையிலேயே கண்ணில் படும். உறைந்த மதிப்பு இருந்த எல்லா இடங்களிலும் மாறியைப் போடுங்கள். எல்லா யூசரும் ஒரே லாகினில் போகாதபடி பெயர், பாஸ்வேர்டை சிஎஸ்வி கோப்பிலிருந்து கொடுங்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் ஸ்டேட்டஸ் கோடை மட்டும் நம்பாதீர்கள். ஆர்டர் பக்கத்தில் ஆர்டர் எண் இருக்கிறதா என்று உள்ளடக்கத்தைச் சோதியுங்கள். ஜேமீட்டரில் அதற்கு ரெஸ்பான்ஸ் அசெர்ஷன். லோக்கஸ்ட்டில் கேட்ச் ரெஸ்பான்ஸ் வசதியை இயக்கி நீங்களே தோல்வி என்று குறிக்கலாம். ஓட்டம் முடிந்ததும் டேட்டாபேஸில் உருவான ஆர்டர்களை எண்ணி, கருவி சொல்லும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் எந்த ரிப்போர்ட்டையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஒரே சர்வர், ஒரே வேகம். ஒரு கருவி 99-ஆவது பெர்சென்டைல் 80 மில்லிசெகண்ட் என்கிறது, இன்னொன்று 9 செகண்டுக்கு மேல் என்கிறது. எது பொய்?

கருவி தேர்வில் நாங்கள் மிக முக்கியமாக நினைப்பது இந்தக் கேள்வியைத்தான். 99-ஆவது பெர்சென்டைல் என்றால் 99 சதவீதப் பதில்கள் அந்த நேரத்துக்குள் வந்தன என்று பொருள். இரண்டு கருவியும் தான் பார்த்ததைச் சொல்கிறது. பார்த்த விதம்தான் வேறு.

முதல் வகையில் ஒரு மெய்நிகர் யூசர் கோரிக்கை அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்ததை அனுப்புவார். இது மூடிய மாதிரி. இரண்டாம் வகையில் சர்வர் பதில் தந்தாலும் தராவிட்டாலும் குறித்த வேகத்தில் புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இது திறந்த மாதிரி. பொதுமக்கள் வரும் இணையதளம் இரண்டாவது வகை. டிக்கெட் கவுன்ட்டரில் கிளார்க் எழுந்து போனார் என்பதற்காகப் புதிதாக வருகிறவர்கள் வீட்டிலேயே நின்றுவிடுவதில்லை, வரிசை நீளும்.

எண்களில் பார்ப்போம். வினாடிக்கு 10 கோரிக்கை, 60 வினாடி ஓட்டம், வழக்கமான பதில் நேரம் 50 மில்லிசெகண்ட், இடையில் சர்வர் 10 வினாடி உறைகிறது. மூடிய மாதிரியில் ஒரு யூசர் அந்த 10 வினாடியும் ஒரே கோரிக்கையில் மாட்டிக்கொள்வார். கணக்கில் 500 நல்ல பதில், 1 மெதுவான பதில். 501-இல் 1 என்பது 0.2 சதவீதம், எனவே 99-ஆவது பெர்சென்டைலுக்கு அது தெரியவே தெரியாது. திறந்த மாதிரியில் உறைந்த நேரத்தில் 100 கோரிக்கைகள் வந்திருக்கும். முதலில் வந்தது 10 வினாடி, கடைசியாக வந்தது கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று எல்லாமே காத்திருந்திருக்கும். 600-இல் 100 பாதிப்பு. 95-ஆவது பெர்சென்டைல் சுமார் 7 வினாடி, 99-ஆவது 9.4 வினாடி. சர்வர் ஒன்றுதான், தீர்ப்பு தலைகீழ்.

மெதுவான நேரத்தில் கருவியே அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு, அளக்க வேண்டியவற்றைத் தவறவிடும் இந்தச் சிக்கலுக்கு கில் டெனே என்ற பொறியாளர் வைத்த பெயர் கோஆர்டினேட்டட் ஒமிஷன். டபிள்யூஆர்கே கருவியை மாற்றி டபிள்யூஆர்கே2 என்று அவர் வெளியிட்டது இதற்காகத்தான். அதில் வேகத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், காத்திருப்பு நேரம் கோரிக்கை போயிருக்க வேண்டிய நொடியிலிருந்து கணக்காகும்.

மற்றவற்றில் திறந்த மாதிரி எங்கே இருக்கிறது? கே6-இல் கான்ஸ்டன்ட் அரைவல் ரேட், ராம்பிங் அரைவல் ரேட் என்ற எக்சிக்யூட்டர்கள் (சுமையை எப்படி அனுப்புவது என்று தீர்மானிக்கும் அமைப்புகள்). கேட்லிங்கில் இன்ஜெக்ட் ஓப்பன், இன்ஜெக்ட் க்ளோஸ்டு என்று பெயரிலேயே பிரித்திருக்கிறார்கள். வேறெந்தக் கருவியையும்விட இது தெளிவு. ஜேமீட்டரில் 5.5 பதிப்பு முதல் ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் இருக்கிறது. லோக்கஸ்ட் அடிப்படையில் மூடிய மாதிரி. கான்ஸ்டன்ட் த்ரூபுட் வைத்தாலும் யூசர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டால் வேகம் விழத்தான் செய்யும்.

கே6-இல் இதைச் செய்யும்போது இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். வேகம் என்பது கோரிக்கையின் வேகம் அல்ல, இட்டரேஷனின், அதாவது ஸ்கிரிப்ட் ஒருமுறை முழுதாக ஓடுவதன், வேகம். ஒரு இட்டரேஷனில் 6 பக்கங்கள் இருந்தால், வினாடிக்கு 5 என்று போட்டது 30 கோரிக்கையாகப் போகும். இன்னொன்று, முன்கூட்டி ஒதுக்கிய யூசர்கள் போதாவிட்டால் கே6 அந்த இட்டரேஷன்களை விட்டுவிடும். ரிப்போர்ட்டில் 'டிராப்ட் இட்டரேஷன்ஸ்' என்ற வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் நீங்கள் கேட்ட சுமை சர்வருக்குப் போய்ச் சேரவில்லை.

அலுவலகத்துக்குள் 40 பேர் மட்டும் பயன்படுத்தும் அப்ளிகேஷன், அல்லது குறித்த எண்ணிக்கையில் வொர்க்கர்கள் அழைக்கும் ஏபிஐ என்றால் மூடிய மாதிரியே சரி. அங்கே திறந்த மாதிரியில் அடித்தால் நிஜத்தில் வராத கூட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதாகிவிடும்.

கேள்வி: 8 கோர் மெஷினில் லோக்கஸ்ட் ஓட்டுகிறேன். யூசர்களை எவ்வளவு ஏற்றினாலும் வேகம் ஏறவில்லை. சர்வர் சும்மா இருக்கிறது.

ஒரு பைத்தான் புராசஸ் ஒரு கோரைத்தான் பயன்படுத்தும், மீதி 7 தூங்குகின்றன. 'புராசஸஸ்' என்ற ஆப்ஷனுக்கு மைனஸ் 1 கொடுத்தால் கோருக்கு ஒன்றாக வொர்க்கர்கள் (சுமை அனுப்பும் தனி புராசஸ்கள்) எழும். விண்டோஸில் அந்த ஆப்ஷன் இல்லை, மாஸ்டரையும் வொர்க்கர்களையும் தனித்தனியாகக் கையால் தொடங்க வேண்டும். கூடவே எச்டிடிபி யூசருக்குப் பதில் ஃபாஸ்ட் எச்டிடிபி யூசரைப் பயன்படுத்துங்கள், ஒரே கோரில் பல மடங்கு கோரிக்கை போகும்.

முகவரியில் ஐடி வரும் பக்கங்களுக்கு 'நேம்' கொடுத்து ஒன்றாகத் தொகுக்கவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஐடியும் ரிப்போர்ட்டில் தனி வரியாகி, எதையும் படிக்க முடியாது.

ஜேமீட்டரைப் பல மெஷின்களில் ஓட்டுபவர்களுக்கு: அங்கே சுமை பிரிக்கப்படுவதில்லை, ஒவ்வொரு மெஷினும் முழுத் திட்டத்தையும் ஓட்டும். 100 த்ரெட் திட்டம், 3 மெஷின் என்றால் மொத்தம் 300. மூன்றையும் தனித்தனியாக ஓட்டி, வந்த மூன்று பெர்சென்டைல்களையும் கூட்டி மூன்றால் வகுப்பதும் தவறு. மூல முடிவுக் கோப்புகளைச் சேர்த்து, அதன்மீது ஒரே தடவையாகக் கணக்கிடுங்கள்.

கேள்வி: சுமை ஏறியதும் "கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்" என்ற எர்ரர் நூற்றுக்கணக்கில் வருகிறது. சர்வர் குழுவோ அங்கே ஒரு எர்ரரும் இல்லை என்கிறது.

சர்வர் குழு சொல்வது சரி. சுமை தரும் உங்கள் மெஷினில் போர்ட் (ஒவ்வொரு இணைப்புக்கும் ஒதுக்கப்படும் எண்) தீர்ந்துவிட்டது. லினக்ஸ் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு வழக்கமாக 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232 போர்ட்களைத் தரும். உங்கள் பக்கம் இணைப்பை மூடினால் அந்த போர்ட் 60 வினாடி டைம் வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் கிடக்கும். 28,232-ஐ 60-ஆல் வகுத்தால், ஒரே சர்வர் முகவரிக்கு வினாடிக்கு சுமார் 470 புதிய இணைப்பு. அதற்கு மேல் போனால் இந்த எர்ரர்தான்.

முதல் மருந்து கீப் அலைவ், அதாவது திறந்த இணைப்பை மூடாமல் அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்துவது. பிரவுசர்களும் இணைப்பை மறுபயன்பாடு செய்பவைதான், எனவே அதை இயக்கினால் டெஸ்ட் நிஜத்துக்கு நெருக்கமாகிறது. அப்பாச்சி பெஞ்ச் என்ற எளிய சுமைக் கருவி 'கே' சுவிட்ச் கொடுத்தால்தான் கீப் அலைவ் செய்யும் என்பதைக் கவனியுங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் போர்ட் வரம்பை 1024 முதல் 65535 வரை விரியுங்கள், அல்லது இன்னொரு மெஷினைச் சேருங்கள். "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று வந்தால் அது வேறு வரம்பு. பல லினக்ஸ்களில் ஒரு புராசஸுக்கு 1024 கோப்பு என்றிருக்கும், யூலிமிட்டில் ஏற்றுங்கள்.

பொதுவாக, ஓட்டம் நடக்கும்போது சர்வரின் சிபியுவைப் பார்ப்பதுபோலவே சுமை தரும் மெஷினின் சிபியுவையும் பாருங்கள். அது 80 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைய பதில் நேரங்களை நம்பாதீர்கள். சர்வரும் சுமைக் கருவியும் ஒரே மெஷினில் ஓடக் கூடவே கூடாது.

கேள்வி: கே6-ஐ பைப்லைனில் போட்டோம். செக் பாதி தோற்றும் பில்ட் பச்சையாகவே போகிறது.

கே6-இல் செக் (பதில் சரியா என்று பார்ப்பது) என்பது எண்ணிக்கை மட்டும், அது ஓட்டத்தைத் தோற்கடிக்காது. தோற்கடிப்பது த்ரெஷோல்டு, அதாவது மெட்ரிக்குக்கு நீங்கள் வைக்கும் எல்லை. 'செக்ஸ்' மெட்ரிக்குக்கு விகிதம் 0.99-க்கு மேல், எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஃபெயில்டு 0.01-க்குக் கீழ், எச்டிடிபி ரிக்வெஸ்ட் டியூரேஷனின் 95-ஆவது பெர்சென்டைல் 500 மில்லிசெகண்டுக்குக் கீழ் என்று மூன்று த்ரெஷோல்டு எழுதுங்கள். மீறினால் கே6 99 என்ற எக்சிட் கோடோடு வெளியேறும், பில்ட் சிவப்பாகும். அந்த டியூரேஷனில் இணைப்பு ஏற்படுத்தும் நேரமும் டிஎல்எஸ் கைகுலுக்கலும் சேராது, அவற்றுக்குத் தனி மெட்ரிக் இருக்கிறது.

ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு நிமிடச் சிறு ஓட்டம் போதும். முழுச் சுமையை இரவில், வேறெதுவும் ஓடாத சூழலில் வையுங்கள். பலர் பகிரும் பில்ட் மெஷினில் வரும் மில்லிசெகண்ட் எண்கள் அன்றன்றைக்கு ஆடும்.

கேள்வி: அப்பாச்சி பெஞ்ச், டபிள்யூஆர்கே, வெஜிட்டா போதாதா?

ஒரே முகவரியை அடிக்கப் போதும். லாகின், டோக்கன், கார்ட் என்று ஃப்ளோ வந்தால் போதாது. மூன்றில் வெஜிட்டாவை முதலில் எடுங்கள், அது தொடக்கத்திலிருந்தே திறந்த மாதிரி. அப்பாச்சி பெஞ்ச் ஒரே த்ரெட்டில் ஓடுவது, வேகமான சர்வருக்கு அது ஈடுகொடுக்காது.

கேள்வி: கே6 ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறதாம். அதைப் பயன்படுத்தினால் எங்கள் கோடைத் திறந்துகாட்ட வேண்டுமா?

வேண்டாம். உங்கள் அப்ளிகேஷனை வெளியிலிருந்து சோதிப்பதால் அந்த உரிமம் உங்கள் கோடுக்குத் தொற்றாது. கே6-இன் சொந்தக் கோடையே மாற்றி, அதைப் பிறருக்கு விநியோகித்தாலோ, நெட்வொர்க் வழியே சேவையாகத் தந்தாலோதான் அந்த மாற்றங்களைத் தர வேண்டிய கடமை வரும். ஜேமீட்டரும் கேட்லிங்கும் அப்பாச்சி 2.0, லோக்கஸ்ட் எம்ஐடி.

கேள்வி: டெஸ்ட்டில் 300 மில்லிசெகண்ட். பிரவுசரில் திறந்தால் 6 வினாடி. ஏன்?

இந்தக் கருவிகள் வழக்கமாக பிரவுசர் இல்லாமல் ஓடுபவை. எச்டிஎம்எல்லைப் பெற்றுக்கொள்ளும், அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்காது. அந்த ஜாவாஸ்கிரிப்ட் அழைக்கும் இருபது ஏபிஐ கோரிக்கைகளும் உங்கள் ஸ்கிரிப்ட்டில் இல்லையென்றால் சர்வருக்கு அந்தச் சுமை போகவே இல்லை. பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து, பக்கம் முழுதாக வரும்வரை உங்கள் டொமைனுக்குப் போகும் கோரிக்கைகளை வரிசையாகக் குறித்து, அவற்றை ஸ்கிரிப்ட்டில் சேருங்கள். வெளியாருடைய அனலிடிக்ஸ், எழுத்துரு முகவரிகளை விட்டுவிடுங்கள். அவர்களுடைய சர்வரை அவர்கள் அனுமதியில்லாமல் அடிக்கக் கூடாது.

திரையில் தோன்றும் நேரத்தையும் அளக்க வேண்டுமென்றால் கே6-இன் பிரவுசர் மாட்யூல் உதவும். ஒவ்வொரு யூசருக்கும் நிஜமான குரோமியம் எழுவதால் அது மெமரியைத் தின்னும். முழுச் சுமையையும் அதில் தராமல், புரோட்டோகால் அளவில் சுமையை ஓடவிட்டு, அதே நேரத்தில் இரண்டு மூன்று பிரவுசர் யூசர்களை மட்டும் சேர்த்து ஓட்டுங்கள். சுமை இல்லாதபோதே 6 வினாடி வந்தால் சிக்கல் முன்பக்கக் கோடில். சுமை ஏறும்போது மட்டும் வந்தால், நீங்கள் குறித்து வைத்த அந்த ஏபிஐ பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.